கிந்தன் இன்னும் பேசுகிறான்!

குற்றாலத்தில் குளித்த ஈரத் தலையோடு தென்காசியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். பக்கத்துப் பெஞ்சிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர். அவர் கைப்பேசியிலே கலைவாணரின் கிந்தனார் கதாகாலட்சேபம்! பேசியவர் மறைந்தது 1957-இல். கேட்டுச் சிரித்தவருக்கு முப்பது வயதுகூட இராது.

1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழை வீட்டில் பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். வில்லுப்பாட்டிலே பழகிய நாக்கு. தென்காசிப் பக்கத்துத் தோழர்களுக்கு வில்லைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமா? கொடை விழாவிலே ஒருவர் பாட, பக்கத்திலிருப்பவர் "ஆமாம்" போட, ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். ஊர் எதைக் கேட்க உட்காரும் என்பதை அங்கே கற்றார் அவர்.

ஆகவேதான் காலட்சேபத்தைக் கையிலெடுத்தார். ஜால்ரா அதே ஜால்ரா. கதை மட்டும் வேறு! நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான்; தீயில் இறங்கினான். கிந்தனோ பள்ளிக்கூடம் போக ஏங்கினான். வாத்தியார் அடித்து விரட்டினார். பட்டணம் போய்ப் படித்தான். திரும்பி வந்தான், எப்படி? கல்வி அதிகாரியாக! உடுமலை நாராயணகவி பாட்டெழுத, அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்திலே 1949-இல் நாடு இதைக் கண்டது. இசைத்தட்டு, கொட்டகைக்குக் காசில்லாதவன் காதுக்கும் கொண்டு சேர்த்தது.

கறுப்பு நிறத்தையும் திக்குவாயையும் கேலி செய்து காசு பார்க்கும் நகைச்சுவையை இன்றும் காண்கிறோம். கலைவாணர் சிரித்தது அடிபட்ட பையனைப் பார்த்தல்ல, பிரம்பு பிடித்தவரைப் பார்த்து!

இத்தனையும் சிறைக்குப் பிறகு என்பதை மறக்கலாகாது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே 1944-இல் கைதாகி, பாகவதரோடு ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947-இல் வெளியே வந்தவர். பாகவதரின் புகழ் அதன்பின் மங்கிற்று. இவரோ வெளியே வந்துதான் 'நல்லதம்பி' எடுத்தார்.

1957 தேர்தலிலே காஞ்சியில் அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் மேடையேறி அந்த டாக்டரையே புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்ததாம். இப்படிப்பட்ட கைராசிக்காரரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் நோயை யார் பார்ப்பது, அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம்! அண்ணா வென்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல், 49 வயது நிறையுமுன், கலைவாணர் போய்விட்டார்.

கடையிலே கதை முடிந்தது. அந்தத் தோழர் மறுபடி முதலிலிருந்து வைத்தார். நாமும் இன்னொரு தேநீர் சொன்னோம்.