காரின் புகையைக் காக்கும் கணினி

புகைக்கூடத்தில் அடுப்பு மூட்டியோர் அறிவர்: காற்று குறைந்தால் விறகு எரியாது புகையும். ரப்பர்த் தகட்டிற்கு அப்புகை வேண்டும்; கார் என்ஜினுக்கோ அது ஆகாது.

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தால் எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடு நஞ்சும் மிகும். இந்நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்று சற்று மிகுந்தாலோ நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். முன்னாளில் கார்புரேட்டர் இக்கலவையை அமைத்தது. கேமரன் மலைக்கு ஏறினால் காற்று மெலிந்து, அவ்வமைப்பு பிசகிவிடும்.

இன்று சிறு கணினி ஒன்று இப்பணியைச் செய்கிறது. புகைக்குழாயிலுள்ள உணர்கருவி, வெளியேறும் வாயுவில் எஞ்சிய ஆக்சிஜனை இடைவிடாது அளந்து கூறும். ஆக்சிஜன் மிகுந்திருந்தால் கணினி பெட்ரோலைக் கூட்டும், இல்லையேல் குறைக்கும். 1976இல் வால்வோ கார்களில் இக்கருவி முதலில் வந்தது. புகைக்குழாயின் வினையூக்கிக் கலம் மேற்சொன்ன மூன்று நச்சுகளையும் ஒருங்கே மாற்றுவதற்குக் கலவை அந்த 14.7ஐ ஒட்டியே நிற்கவேண்டும்.

ஓட்டுநர் முன்னுள்ள என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால், வண்டியைப் பட்டறையில் காட்டுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு நிம்மதியடைவோரும் உளர்! விளக்கு சிமிட்டினால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கலத்தினுள் புகுந்து அதனை உருக்கிவிடக்கூடும்.

எக்கார் ஆயினும், மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடாதீர்கள். குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி பெட்ரோலை மிகுதியாகவே விடும். கலமோ சூடேறும்வரை வேலை செய்யாது.