குதிரை இல்லாத துப்பாக்கி!

துப்பாக்கிக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள விவசாயியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். நாட்டுத் துப்பாக்கியின் பின்புறத்தில் வளைந்து நிற்குமே ஓர் இரும்புத் துண்டு, அதற்குப் பெயர்தான் குதிரை. கட்டை விரலால் அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். "டக்" என்று நிற்கும். கீழே உள்ள விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து வந்து கேப்பின் மேல் அடிக்கும். கேப்பு பொரியும். உள்ளே கெட்டித்து வைத்த கரிமருந்து வெடிக்கும்!

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மலையை ஒட்டிய ஊர்களில் இந்தத் துப்பாக்கி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலைக் காட்டையும் மரவள்ளிக் காட்டையும் பன்றி வந்து உழுது போட்டுவிடும். காவலுக்கு என்று லைசென்சு வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. லைசென்சு இல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. "ஒப்படைத்துவிடுங்கள்" என்று மலைக் கிராமங்களில் போலீசார் அவ்வப்போது அறிவிப்புச் செய்வது இதனால்தான். தேர்தல் வந்தால் லைசென்சு உள்ள துப்பாக்கிகளும் போலீஸ் நிலையத்துக்குப் போய்விடும்!

அந்த நாட்டுத் துப்பாக்கியில் ஒரு நன்மை இருக்கிறது. குதிரை நிமிர்ந்து நிற்கிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆனால் இன்று உலகத்தில் பல நாட்டுப் போலீசார் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கியில் அந்தக் குதிரையே கிடையாது! தமிழ்நாடு போலீசாரிடம் உள்ள "கிளாக்" துப்பாக்கியும், கருப்புப் பூனைப் படையினர் வைத்திருக்கும் "கிளாக்" துப்பாக்கியும் இந்த ரகம்தான்.

குதிரை எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அதன் வேலையை ஓர் ஊசி செய்கிறது.

துப்பாக்கியின் மேல்பகுதிக்குள் நீளமான எஃகு ஊசி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங் இறுகியபடி காத்திருக்கும். விசையை அழுத்தினால் ஊசி விடுபட்டு முன்னே பாயும். தோட்டாவின் பின்புறத்தில் குத்தும். தோட்டா வெடிக்கும். எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது!

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் ராணுவம் 1908-ல் எடுத்துக்கொண்ட "லூகர்" துப்பாக்கியில் இதே ஊசிதான். 1914 ஜூன் 28-ந்தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பெல்ஜியம் நாட்டு "பிரவுனிங்" துப்பாக்கியிலும் ஊசிதான். அந்தச் சூட்டில் முதல் உலகப் போரே மூண்டது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இளவரசரின் நாடான ஆஸ்திரியா-ஹங்கேரி, 1907-ல் தன் குதிரைப் படைக்கு ஒரு கைத்துப்பாக்கி கொடுத்தது. பெயர் "ராத்-ஸ்டையர்". அதில் குதிரை இல்லை. குதிரைப் படைக்குக் குதிரை இல்லாத துப்பாக்கி!

ஏன் கொடுத்தார்கள்? வீரன் ஒரு கையில் கடிவாளம் பிடித்திருப்பான். குதிரை திமிறும், துள்ளும். விசை லேசாக இருந்தால் துள்ளுகிற துள்ளலில் விரல் பட்டு வெடித்துவிடும். ஆகவே ஊசியைப் பாதி தூரம் மட்டும் இழுத்து நிறுத்தி வைத்தார்கள். மீதிப் பாதியை வீரனின் விரல்தான் இழுக்க வேண்டும். இழுக்கும்போது விசை கனக்கும். கை தவறிப் பட்டால் வெடிக்காது.

அதே ஆஸ்திரியாவில், சுமார் 75 ஆண்டுகளுக்குப் பிறகு, காஸ்டன் கிளாக் என்பவர் துப்பாக்கி செய்ய முன்வந்தார். அவர் அதுவரை துப்பாக்கியே செய்ததில்லை! திரைச்சீலை மாட்டும் கம்பியும், ராணுவத்துக்குக் கத்தியும் செய்து விற்றவர். அவருடைய துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்தது. பிடி முழுவதும் பிளாஸ்டிக். 17 தோட்டா கொள்ளும். ஊசி பாதி இழுத்த நிலையில் நிற்கும். 2023-ல், தமது 94-வது வயதில், அவர் காலமானார். அப்போது அவர் பெயர் தெரியாத போலீஸ்காரர் உலகத்தில் அநேகமாக இல்லை.

லாரி கிளட்சும் துப்பாக்கி விசையும்

எல்லா விசையும் ஒன்றுபோல இருக்காதா என்று கேட்கலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து டிரைவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

புது லாரியில் ஏறி உட்கார்ந்த டிரைவர் முதலில் கிளட்சை மிதித்துப் பார்க்கிறார். முதலில் கொஞ்சதூரம் சும்மா போகும். பிறகு கனக்கும். காலை மெல்ல விடும்போது ஓர் இடத்தில் "கப்" என்று பிடிக்கும். அந்த இடம் லாரிக்கு லாரி மாறும். அது காலுக்குப் பழகும் வரை வண்டி குலுங்கும்!

விசையும் அப்படித்தான். விரலை வைத்து அழுத்தினால் முதலில் வெறும் ஓட்டம். பிறகு சுவரில் மோதியது போல ஒரு தடை. அந்தத் தடையைத் தாண்டினால் வெடி. வெடித்த பின் விரலைச் சற்றே தளர்த்தினால் "டிக்" என்று விசை மறுபடியும் வேலைக்குத் தயாராகிவிடும். இந்த நாலும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் ஒரு துப்பாக்கிக்கும் இன்னொரு துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

"கிளாக்" விசை சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் கேட்கும். தடையைத் தாண்டும் இடம் கண்ணாடி உடைவது போலச் சுத்தமாக இராது. ரப்பரை இழுப்பது போல இருக்கும். ஆனால் முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் ஒரே கனம். அதுதான் அதன் பெருமை.

அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த "சிக் 320" வேறு மாதிரி. அதில் ஊசி முழுவதும் இழுபட்டே காத்திருக்கிறது. விரலுக்கு வேலை குறைவு. ஓட்டம் சிறிது, வெடிக்கும் இடம் தெளிவு. ஜெர்மனியின் "வால்தர்" விசையையும் துப்பாக்கி தெரிந்தவர்கள் இப்படிப் புகழ்கிறார்கள். ஜெர்மனியிலேயே 1970-ல் வந்த "வி.பி.70" பிளாஸ்டிக் துப்பாக்கிகளில் முதலாவது. அதன் விசையோ எருமை மாட்டை இழுப்பது போல! அந்தத் துப்பாக்கி எடுபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நமது நாட்டில் மேற்கு வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் 9 மி.மீ. துப்பாக்கி குதிரை உள்ள பழைய ரகம். "பிரவுனிங் ஹைபவர்" என்ற துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது. முழுக்க இரும்பு. கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். கனமாக இருப்பதால் சுடும்போது கையில் உதைப்பது குறைவு. ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு பகலெல்லாம் இடுப்பில் சுமந்தால், துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பிடிக்கு அந்தக் கவலை இல்லை. சின்னக் கை உள்ளவருக்கும் பெரிய கை உள்ளவருக்கும் ஏற்றபடி பிடியின் பின்தகட்டை மாற்றிக்கொள்ளும் வசதியும் இப்போது வந்துவிட்டது. பெண் போலீசாருக்கு இது பெரிய உதவி.

லேசா, கனமா?

விசை லேசாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் 1980-களின் முடிவில் போலீசாருக்குக் "கிளாக்" கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளில் 120 தடவைக்கு மேல் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்தன! 1998-ல் "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை இதை வெளியிட்டதும் பரபரப்பு ஏற்பட்டது. பழைய ரிவால்வரின் கனமான விசைக்குப் பழகிய விரல்கள். புது விசைக்குப் போதுமான பயிற்சி இல்லை. விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டே ஓடினார்கள், கதவைத் தள்ளினார்கள். வெடித்தது!

நியூயார்க் போலீசார் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். விசையை வேண்டுமென்றே கனமாக்கினார்கள். ஏறக்குறைய ஐந்தரை கிலோ! தவறி வெடிப்பது குறையும் என்று எண்ணம். ஆனால் இருபது எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லாத ஒரு துப்பாக்கியை, ஐந்தரை கிலோ கொடுத்து அழுத்தினால் என்ன ஆகும்? குழல் ஆடும். குறி தவறும்.

2012 ஆகஸ்டு 24-ந்தேதி எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனை இரண்டு போலீசார் எதிர்த்தார்கள். 16 முறை சுட்டார்கள். அவன் செத்தான். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேரும் காயமடைந்தார்கள். எல்லாம் போலீஸ் தோட்டாவும் அதன் சிதறலும்! அந்தக் கனமான விசையின் மேல்தான் பலர் பழி போட்டார்கள். விசை மட்டுமா காரணம்? கூட்டம், அவசரம், பயம் எல்லாம் சேர்ந்ததுதான். இருந்தாலும் பிற்காலத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு லேசான விசையைக் கொடுக்க அதே போலீஸ் முடிவு செய்தது.

"சிக் 320" துப்பாக்கிக்கும் ஒரு சோதனை வந்தது. ராணுவம் தேர்ந்தெடுத்த அதே 2017-ல், ஒரு கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். விழுந்த வேகத்தில் விசை தானே பின்னால் நகர்ந்துவிட்டது! கம்பெனி விசையை இலேசாக்கி மாற்றிக் கொடுத்தது. விரல் படாமலே வெடித்தது என்று அதன் பிறகும் வழக்குகள் வந்தன. கம்பெனி அதை மறுக்கிறது.

விளையாட்டில் வேறு கணக்கு. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் விசை அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் போட்டிக்கு ஒரு கிலோ. எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள்! 2024-ல் பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது காற்றுத் துப்பாக்கியில்தான். அரைக் கிலோ விசை போலீஸ்காரர் இடுப்பில் இருந்தால் ஊர் தாங்காது.

சுத்தம் செய்யும் போது

"கிளாக்" துப்பாக்கியில் வெளியே தெரியும் பூட்டு கிடையாது. விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு இருக்கிறது. விரல் அதன் மேல் சரியாகப் பட்டால்தான் விசை நகரும். உள்ளே இன்னும் இரண்டு தடைகள். கீழே போட்டால் வெடிக்காது. ஆனால் விரல் பட்டால் வெடிக்கும். யார் விரல் என்று அதற்குத் தெரியாது. குழந்தை விரலும் அதற்கு ஒன்றுதான்!

இன்னொன்று. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் விசையை அழுத்தியாக வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே வரிசை முக்கியம். முதலில் தோட்டா நிரம்பிய மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகுதான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துக் குழலுக்குள் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலை விட்டும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றினால், ஒரு தோட்டா வெளியே வரும். மேகசினில் இருந்து இன்னொன்று சத்தமில்லாமல் குழலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மேகசின்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் விசையை அழுத்தியவர்கள் உலகெங்கும் உண்டு.

பொதுமக்கள் கையில் இந்த 9 மி.மீ. ரகம் வராது. நமது சட்டத்தில் அது தடை செய்யப்பட்ட அளவு. லைசென்சு கிடைத்தவர்கள் .32 அளவு ரிவால்வரோ பிஸ்டலோ வாங்கலாம். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இரண்டாக்கிவிட்டார்கள்.

அடிவாரத்து வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் லைசென்சுத் துப்பாக்கியின் குதிரை படுத்திருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். குதிரை இல்லாத துப்பாக்கியை வைத்திருக்கும் போலீஸ்காரரின் மனைவிக்கு அந்த வசதி இல்லை. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே, "குழல் காலிதானே?" என்று கேட்டுவிட வேண்டியதுதான்!