நாளுக்கொரு திருவிளையாடல்

கருங்குருவிக்கு உபதேசம், நாரைக்கு முக்தி, மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி, உலவாக்கோட்டை, பாணனுக்காக அங்கம் வெட்டியது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாளுக்கு ஒன்றாக நடக்கும் லீலைகள் இவை. இந்த விழாவுக்கென்றே ஊருக்குள் ஆவணி மூல வீதிகள் இருக்கின்றன. ஏழாம் நாள் இரவு சுவாமிக்குப் பட்டாபிஷேகம். சித்திரையில் முடிசூடி நான்கு மாதம் ஆண்ட மீனாட்சியிடமிருந்து அன்றைக்குச் செங்கோல் கைமாறுகிறது.

கதைகளின் மூலம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். மதுரை, கூடல், திருவாலவாய் என்று மூன்று காண்டம், 64 படலம், 3363 பாட்டு. இவருக்கும் முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி இதே கதைகளைப் பாடியிருக்கிறார். அந்த நூலை உ.வே.சாமிநாதையர் 1906இல் அச்சேற்றினார். மூவாயிரத்துச் சொச்சம் பாட்டையும் உட்கார்ந்து படித்தவர்களை இன்று தேடத்தான் வேண்டும். ஆனால் நூலை எடுத்தே பார்க்காதவருக்கும் கதை தெரியும். அதில் பாதிப் புண்ணியம் 1965இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்துக்கு, குறிப்பாக தருமியாக வந்த நாகேஷுக்குப் போய்ச் சேரும். மீதி, ஆண்டுதோறும் அதே நாளில் அதே கதையைத் தெருவுக்குக் கொண்டுவரும் பஞ்சாங்கத்துக்கு.

மறைநூலைக் காலக்கணக்கில் வைத்து வாசிக்கும் இந்தப் பழக்கத்தை யூதர்கள் வாரக்கணக்கில் நடத்துகிறார்கள். தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான மோசேயின் ஐந்து நூல்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயத்தில் சுருளை விரித்து வாசிப்பார்கள். ஓர் ஆண்டில் முடிந்துவிடும். கடைசிப் பகுதியை வாசித்து முடித்த அன்றே, உலகம் படைக்கப்பட்ட முதல் பகுதியைத் திரும்பத் தொடங்குகிறார்கள். சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடும் திருநாள் அது. அந்த வாரத்துக்கு வந்த பகுதியிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் உதவுகிற ஒரு சேதியை எடுத்துச் சொல்வது ரபியின் வேலை. நமக்குப் பக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயம் இருக்கிறது. முறைப்படி சுருளை விரித்து வாசிக்கக் குறைந்தது பத்துப் பேர் கூடியாக வேண்டும் என்பது விதி. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் போக, அங்கே எஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மதுரைக் கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயத்திலும் வாசகம் முறை வைத்துத்தான் வருகிறது. கத்தோலிக்கர்களின் ஞாயிறு வாசகங்களுக்கு மூன்றாண்டுச் சுற்று.

இப்படி முறை வைத்து வாசிப்பதில் ஒரு வசதிக்குறைவு உண்டு, அதுவே இதன் பலமும்கூட. பேசுபவர் தனக்குப் பிடித்த இடத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. தோராவில் தோல்நோயைப் பரிசோதிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக வருகிற ஒரு பகுதி இருக்கிறது. அந்த வாரமும் ரபி பேசித்தான் ஆக வேண்டும். பழைய உரைகாரர்கள் அதற்கொரு வழி கண்டார்கள்: இந்த நோய் புறங்கூறியவனுக்கு வந்த தண்டனை என்றார்கள். மருத்துவ விவரமாகக் கிடந்தது, நாக்கை அடக்கச் சொல்லும் பாடமாகிவிட்டது.

தமிழில் இதற்கு இணையாக ஒழுங்குபட்ட முறை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே கோயில்களில் புராண படனம் நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். கந்தபுராணம், பெரியபுராணத்தோடு திருவிளையாடலும் அந்த வரிசையில் உண்டு. தமிழகத்தில் கதாகாலட்சேபமும் தொடர் சொற்பொழிவும் அந்த வேலையைச் செய்தன. திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) பேச்சின் நடுவே முன்வரிசைச் சிறுவர்களிடம் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் கையோடு பரிசு தருவார். புராணம் பெரியவர்கள் சமாசாரம் என்ற எண்ணத்தை அந்த ஒரு பழக்கமே உடைத்தது.

சரி, மதுரையின் பத்து நாளில் என்ன பாடம் கிடைக்கிறது?

முதல் நாள் கதையில் ஒரு சின்னக் கருங்குருவி. காக்கைகள் தலையில் கொத்திக் கொத்தி விரட்டியதால் காட்டில் போய் ஒளிந்திருந்தது. மதுரையின் பெருமையை யாரோ பேசக் கேட்டு, பறந்து வந்து கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி, மந்திர உபதேசம் பெற்று, 'வலியான்' என்று பேர் வாங்கியது. பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிவிட்டு வீட்டில் வாய்திறக்காத பிள்ளைக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

ஐந்தாம் நாளின் அடியார்க்கு நல்லான் விவசாயி. வருகிற அடியாரையெல்லாம் பந்தியில் உட்கார்த்திச் சோறு போட்டே பழகியவன். விளைச்சல் குறைந்தது, கடன் வாங்கினான். பிறகு கடன் கொடுக்கவும் ஆளில்லை. கணவனும் மனைவி தருமசீலையும் உயிரை விடும் முடிவுக்கு வந்தபோது, எடுக்க எடுக்கக் குறையாத நெல்கோட்டையைச் சுவாமி தருகிறார். வைக்கோல் பிரி சுற்றி இறுக்கிக் கட்டிய நெல்கோட்டையைப் பார்த்து வளர்ந்த மேலூர், சோழவந்தான் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. மேடையில் அன்னதானத்தின் மகிமை என்று முடிப்பார்கள். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் சம்சாரிக்குக் கேட்பது கடன் கதைதான்.

உண்மையில் கவனிக்க வேண்டிய ஜோடி எட்டும் ஒன்பதும். மேலூரை அடுத்த திருவாதவூரில் பிறந்த வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தைத் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், திருப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சின்னப் பணமல்ல. பாண்டியர்கள் கடல் கடந்து குதிரை இறக்கப் பெரும் பொருளைக் கொட்டியதை 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். வாங்காத குதிரைகளுக்குப் பதிலாகச் சுவாமியின் லீலையால் நரிகள் குதிரைகளாகி வந்து, இரவில் மறுபடி நரிகளாகிக் கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறுகின்றன. இன்றைக்கு ஓர் அதிகாரி இப்படிச் செய்தால் இடைநீக்கம், தணிக்கை, வழக்கு. மேடைப் பேச்சில் பெரும்பாலும் 'எல்லாம் அவன் சித்தம்' என்று இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். புராணம் அப்படித் தாண்டவில்லை. சுடுமணலில் நிறுத்தி வாதவூரரை வதைத்ததைச் சொல்கிறது, அதன் விளைவாக வைகை பெருகியதையும் சொல்கிறது.

கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரசன் உத்தரவு போடுகிறான். ஆளில்லாத வீடு ஒன்று, பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்தியுடையது. அமைச்சருக்கும் அரசனுக்கும் நடந்த வழக்கில் கடைசியாகச் சுமை இறங்கியது அவள் தலையில். எட்டாம் நாளை விட்டுவிட்டு ஒன்பதாம் நாளை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாமலே போகும்.

அவளுக்குக் கூலியாளாக வருகிறார் சுவாமி. உதிர்ந்த பிட்டு மட்டும் கூலி என்பது பேச்சு. அன்றைக்கு அவித்ததெல்லாம் உதிர்ந்துபோகிறது. கூலியை முதலில் தின்றுவிட்டு, பேருக்கு நாலு கூடை மண் போட்டு, மரத்தடியில் தூங்குகிறார். முன்பணம் கொடுத்து வீடு கட்டிய எவருக்கும் இந்த ஆள் தெரிந்த ஆள்தான். பாண்டியன் பிரம்பால் ஓங்கி ஒன்று வைக்க, அந்த அடி அரசன் முதுகு உட்பட அத்தனை உயிர் மேலும் விழுகிறது. உழைப்பாளியை அடித்தால் தன் முதுகிலும் விழும் என்பதை அரசன் அறிந்துகொண்ட இடம் இது. கடவுளை அடித்த பாவம் என்று மட்டும் சொல்லி முடிப்பது கதையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

வைகைக்கரையை ஒட்டி ஆரப்பாளையம் பக்கம் உள்ள புட்டுத்தோப்பில் இதை நடித்தே காட்டுகிறார்கள். கூடை, மண்வெட்டி, பிரம்படி எல்லாம் உண்டு. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேருகிறார்கள். அரிசிமாவும் தேங்காயும் கலந்து உதிர உதிர அவித்த புட்டு கை மாறி வருகிறது. பக்கத்திலோ வைகை, 1959இல் மேலே அணை வந்த பிறகு ஆண்டின் பெரும்பகுதி மணலும் நாணலுமாகக் கிடக்கிறது. வெள்ளத்தை அடைத்த கதையை வறண்ட ஆற்றின் கரையில் கேட்கும் பிள்ளைகள் அதுபற்றியும் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புட்டுத் திருவிழா அன்று சுவாமியும் அம்மனும் புறப்பட்டுப் போய்விடுவதால் கோயில் நடை சாத்தியிருக்கும். தரிசனத்துக்கு நேராகப் புட்டுத்தோப்புக்குத்தான் போக வேண்டும். முடிந்தால் முந்தைய நாளே வந்து, நரி பரியான லீலையையும் பிள்ளைகளோடு பார்த்துவிடுங்கள்.