அயலாரின் ஏட்டை வாசித்தவர்கள்

1816இல் யாழ்ப்பாணம் வந்த டானியல் பூவரும் அவருடன் வந்த அமெரிக்க மிஷனரிகளும் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறியபோது, ஒல்லாந்தர் விட்டுப்போன கல் ஆலயங்கள் கூரையிழந்து நின்றன. அவற்றைத் திருத்திக் கூரையிட்டவர்கள் கொண்டுவந்த இறையியலில் மயக்கத்துக்கு இடமில்லை. கிறிஸ்துவுக்கு வெளியே மீட்பு இல்லை, சைவம் இருள், அந்த இருளிலிருந்து மனிதரை வெளியே அழைப்பதே திருச்சபையின் வேலை. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் எதிராக அச்சேறிய துண்டுப்பிரசுரங்கள் சந்தைகளிலும் கோயில் வீதிகளிலும் கைமாறின. அன்றைய மிஷன் அறிக்கைகளைப் புரட்டினால் எண்ணிக்கைகள்தாம் கண்ணில் படும்: இத்தனை பாடசாலைகள், இத்தனை பிள்ளைகள், இத்தனை ஞானஸ்நானங்கள்.

ஆனால் அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு படிப்பு இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் மட்டுமல்ல, தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடமாயின. அதன் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயவியல் சங்கத்தின் சஞ்சிகையில் அவை வெளியாயின. அவர் சைவராகவில்லை; ஆக விரும்பவுமில்லை. இருந்தும், தாம் மறுக்க வந்த சமயத்தின் மூலநூல்களை வரிவரியாக வாசித்தார்.

மறுபக்கமும் அப்படித்தான். நல்லூர் ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்குத் துணையாக இருந்து விவிலியத்தைத் தமிழாக்கினார். அந்தப் பதிப்பு 1850இல் அச்சாயிற்று. அதற்கு முன்பே, 1847இன் கடைசி நாளில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது பிரசங்கங்களைத் தொடங்கிவிட்டார். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில் அவர் மிஷனரிகளுக்குப் பதில் சொன்னது விவிலியத்தைக் கொண்டே. எதிரியின் நூலை எதிரியைவிட நன்றாக அறிந்த இருவர் மோதிய காலம் அது. அந்த மோதலின் கடுமையை நான் விரும்பவில்லை. அதன் உழைப்பை மதிக்கிறேன்.

விட்டுக்கொடுப்புகளும் இருந்தன. மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட மாட்டோம் என்று வேளாளப் பிள்ளைகள் நின்றபோது, வளவுக்கு வெளியே சைவரின் காணியில் அடுக்களை எழுந்தது. சாதியை மிஷனரிகள் கண்டித்தார்கள். கூடவே அதனோடு வாழவும் பழகிக்கொண்டார்கள். 1824இல் உடுவிலில் ஹரியட் வின்சுலோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில், படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணம் செய்யும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. செமினரியில் பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பரின் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று ஒரு தலைமுறை அப்படி வளர்ந்தது. இன்று கிறிஸ்தவ வீடுகளில் தூய தமிழ்ப் பெயர்கள் இயல்பாகிவிட்டன. சீதனம் மட்டும் போகவில்லை. கொடுப்பவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

1855இல் அந்தச் செமினரியை மூடியதும் ஓர் இறையியல் தீர்ப்பினால்தான். இவ்வளவு செலவில் கற்பித்தும் மனம் திரும்பியவர்கள் போதாது என்று பொஸ்டனிலிருந்து வந்த குழு கருதியது. கல்வியைத் தன்னளவில் ஒரு நன்மையாகக் காணும் கிறிஸ்தவம் அப்போது இன்னும் பிறக்கவில்லை. 1872இல் அதன் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியதற்கு உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் விருப்பமே பெருங்காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் காற்று திரும்பிற்று. 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸில் சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக அமர்ந்தார்கள். அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியில் வளர்ந்த கிறிஸ்தவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அந்த இளைஞரின் அழைப்பில். சாதி பாராத சமபந்தியும் சம ஆசனமும் அவர்களுக்கு அரசியலாக மட்டுமன்றி விசுவாசமாகவும் இருந்தன. 1939இல் மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவாச்சிரமம் தொடங்கியது. வரிசை வாங்குகள் கொண்ட ஆலயத்துக்குப் பழகிய சமூகத்தில் நிலத்தில் அமர்ந்து தமிழில் பாடும் ஒரு வழிபாடு அங்கே வேரூன்றியது.

இந்த மாற்றத்தின் உச்சமாக நான் கருதுவது ஒரு புத்தகத்தை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற்பேராயரானவர் சபாபதி குலேந்திரன். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கோட்பாட்டை ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1964இல் இலண்டனில் வெளியாயிற்று. சைவத்தை இருள் என்று அச்சடித்த அதே மிஷனின் வழிவந்த ஒரு பேராயர், சைவரும் வைணவரும் அருளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகக் கேட்கிறார். வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. ஹொய்சிங்டனின் உழைப்பு அவரிடம் இருந்தது. ஹொய்சிங்டனின் முன்முடிவு இருக்கவில்லை.

தெல்லிப்பழைப் பக்கத்தில் 1908இல் பிறந்த இறையியலாளர் டி. டி. நைல்ஸ் வேறொரு திசையில் போனார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கூடிய தொடக்க ஆராதனையில் அவர் குரல் ஒலித்தது. 1968இல் உப்சாலாவில் தொடக்கப் பிரசங்கம் செய்ய இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் சுடப்பட்டபின் அந்த இடத்தில் நின்றவரும் நைல்ஸ்தான். மிஷனரிகளை வரவேற்ற குடாநாடு ஒன்றரை நூற்றாண்டுக்குள் உலகத் திருச்சபைக்கே போதிக்கும் ஒருவரைக் கொடுத்துவிட்டது. அவர் இறையியல் படித்தது பெங்களூரில், ஆங்கிலத்தில். 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி திறந்தபின் தமிழிலும் சிங்களத்திலும் குருமார் பயில வழி பிறந்தது.

கத்தோலிக்கர் பக்கத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த 1965இலேயே மரியசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர்கள் திருப்பாடுகளின் காட்சிகளைத் தமிழ் மேடையில் பார்த்தார்கள். கூத்துக் கலைஞர்களில் சைவரும் இருந்தார்கள்.

பின் போர் வந்தது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சைவரும் கிறிஸ்தவரும் ஒரே நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மக்கள் போருக்குத் தப்பி வெளியேற, வலிகாமமே காலியாயிற்று. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமற்போனார். 2011 ஜனவரியில், நெடுந்தீவில் பிறந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஓர் எண்ணை வைத்தார்: 146,679. இறுதிப் போரில் வன்னியில் கணக்கில் வராத மக்களின் தொகை அது. ஞானஸ்நானம் பெற்றவர்களை எண்ணத் தொடங்கிய திருச்சபை, இப்போது காணாமற்போனவர்களை, அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று கேளாமல், எண்ணியது. இந்த மண்ணில் எழுந்த மிக ஆழமான இறையியல் கூற்று அந்த எண்தான் என்று நினைக்கிறேன்.

பெண்களின் கதை மெதுவானது. தென்னிந்தியத் திருச்சபையில் முதற் பெண் குரு அபிஷேகம் பெற்றது 1976இல். முதற் பெண் பேராயர் 2013இல் நந்தியாலில். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை 2006இல் பெண்களுக்குக் குருத்துவம் வழங்கியது. உடுவிலில் பள்ளி திறந்தபின் இவ்வளவு காலம் பிடித்தது. சாதியோ பலிபீடத்தண்டையிலிருந்து விலகி, கலியாணப் பேச்சில் போய் ஒளிந்திருக்கிறது.

1981இல் யாழ் மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012இல் 5,83,000 அளவில். போன குடும்பங்களோடு ஆலயப் பாடகர் குழுக்களும் வேதபாட ஆசிரியர்களும் போனார்கள். இலண்டனிலும் டொரண்டோவிலும் அவர்கள் சபை கூடுகிறார்கள். பெரும்பாலான மிஷன் பாடசாலைகளை 1960களின் தொடக்கத்திலேயே அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் கிராமங்களில் புதிய ஜெபக் கூடங்கள் எழுந்தன. சிலவற்றில் பழைய துண்டுப்பிரசுரங்களின் மொழி ஒலிபெருக்கியில் திரும்பக் கேட்கிறது. அதற்கு எதிராகச் சைவத்தைக் காக்கப் புறப்பட்டவர்களின் மொழியும் ஏறக்குறைய அதே சுருதியில் இருக்கிறது. இரு தரப்பிலும் மூலநூலைத் திறந்தவர்கள் குறைவு. பழைய திருச்சபைகளிலோ பகையில்லை. பொங்கலுக்கும் நத்தாருக்கும் வாழ்த்துப் பரிமாறுகிறோம், பலகாரம் கொடுக்கிறோம், சமயத் தலைவர்கள் ஒரே மேடையில் விளக்கேற்றுகிறார்கள். நாவலரின் காலம் காணாத இந்த இணக்கம் பெரிய பேறுதான். எனினும் அயலாரின் ஏட்டை எடுத்து இரவிரவாக வாசிக்கும் பழக்கம் அந்த இணக்கத்தோடு சேர்ந்து வரவில்லை.

திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தமும் கிறிஸ்தவ நாகரிகமும் பாடங்களாக உள்ளன. ஹொய்சிங்டனின் மொழிபெயர்ப்பையும், நாவலரின் பதிலையும், குலேந்திரனின் அருள் நூலையும் அந்த இரு துறை மாணவரும் ஒரே வகுப்பில் ஓராண்டு வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நூல்கள் மூன்றும் இருக்கின்றன. வாசிக்க வேண்டியவர்களும் ஒரே வளாகத்துக்குள் இருக்கிறார்கள்.