விற்கும் கருவிக்குள் யாருடைய நிரல்?

மதுரங்குளியில் பிரதான வீதியை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கினால் இறால் பண்ணைகள். விடியுமுன் குளத்து நீரில் ஒட்சிசன் குறைந்தால் ஒரு போகமே செத்து மிதக்கலாம். ஒட்சிசனை அளந்து, காற்றூட்டும் சக்கரத்தைத் தானே ஓடவிட்டு, கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவிக்கு இங்கே தேவை உண்டு. ஈஎஸ்பி32 போன்ற சிப் ஒன்றும், பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்த நிரல்தொகுதிகளான லைப்ரரிகளும் இருந்தால், விஷயம் தெரிந்த ஓர் இளைஞர் வீட்டிலிருந்தே அதைச் செய்துவிடுவார். சொந்தக் குளத்தில் மாட்டும்வரை பெரிய சிக்கல் இல்லை. பக்கத்துப் பண்ணைக்கு முதல் கருவியை விற்கும்போதுதான் அந்த லைப்ரரிகளின் உரிம நிபந்தனைகள் அவரைப் பிடிக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூலைப் போலவே பதிப்புரிமைக்குள் வைக்கிறது. பதிவு தேவையில்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும். பதிப்புரிமைக்கான சர்வதேச பேர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் இருப்பதால் வெளிநாட்டவரின் நிரலுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஆகவே உரிமக் கோப்பு இல்லாத நிரலை யாரும் எடுக்கலாம் என்று நினைப்பது தவறு. அனுமதி தரப்படவில்லை என்பதே அதன் பொருள். வேண்டுமென்றே மீறினால் ஆறு மாதம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

மூன்று வகை உரிமங்கள்

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை இலகுவானவை. உங்கள் நிரலை மூடியே வைத்து விற்கலாம்; ஆனால் ஆசிரியரின் பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் கருவியோடு போக வேண்டும். சிறு சிப்களுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ் 2017இன் இறுதியில் எம்ஐடிக்கு மாறியது. ஈஎஸ்பி32 தயாரிப்பாளர் தரும் நிரலாக்கத் தொகுப்பான ஐடிஎஃப் அப்பாச்சி 2.0இல் வருகிறது.

எல்ஜிபிஎல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆர்டுயினோவின் அடிப்படை நிரல் இந்த உரிமத்தில்தான் இருக்கிறது. கணினியில் லைப்ரரி தனிக் கோப்பாக இருப்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிப்பிலோ உங்கள் நிரலும் லைப்ரரியும் பிரிக்க முடியாதபடி ஒரே கோப்பாகி இறங்குகின்றன. அதனால் நீங்கள் எழுதிய வடிவிலான மூலநிரலைத் தராவிட்டாலும், வாங்கியவர் லைப்ரரியின் புதிய பதிப்போடு மீண்டும் இணைத்துக்கொள்ளும்படி இணைப்பதற்கு முந்தைய ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தர வேண்டும்.

ஜிபிஎல் இன்னும் கடுமையானது. அதோடு இணைத்து விற்றால் உங்கள் முழு நிரலின் மூலத்தையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். தீனி போடும் மோட்டாரை ஓட்ட உதவும் ஆக்ஸெல்ஸ்டெப்பர், குளத்துக்குக் குளம் ரேடியோவில் பேச உதவும் ரேடியோஹெட் இரண்டும் ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் என்ற இரட்டை ஏற்பாட்டில் வெளிவந்தவை.

பெரிய நிறுவனமும் தப்பவில்லை

சிஸ்கோ 2003இல் வாங்கிய லிங்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஜிபிஎல் உரிமத்திலுள்ள லினக்ஸ் இருந்தது. அது வெளியில் தெரிந்து அழுத்தம் வந்த பிறகே மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரவுட்டர்களுக்கான திறந்த இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி. மற்றக் கருவிகளிலும் மீறல் தொடர்வதாகக் கூறி, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோமீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிம விதிகளைக் கவனிக்கத் தனியாக ஒருவரை நியமிக்கவும் அறக்கட்டளைக்குப் பணம் செலுத்தவும் சிஸ்கோ சம்மதித்தது.

கருவி செய்பவர் செய்ய வேண்டியவை

• சேர்த்த ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு, உரிமம் மூன்றையும் பட்டியலிடுங்கள். ஒரு லைப்ரரி தன்னோடு இழுத்துவரும் மற்றவற்றையும் விடாதீர்கள்.

• நிரலை மூடி வைக்கத்தான் வேண்டுமென்றால் ஜிபிஎல் லைப்ரரிக்கு மாற்றுத் தேடுங்கள், அல்லது ஆசிரியரிடம் வணிக உரிமம் கேளுங்கள்.

• உரிம வாசகங்களைக் கையேட்டில் அச்சிடுங்கள்.

• மீறல் பற்றிப் பதிப்புரிமை உரிமையாளரின் அறிவித்தல் வந்தால் ஒளியாதீர்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், அந்த உரிமையாளரிடமிருந்து முதல்முறை அறிவித்தல் பெற்று 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை மீளும். இரண்டாம் பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. மீறியதுமே உரிமை போய்விடும்.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு

கருவியில் ஜிபிஎல் நிரல் இருந்தால் மூலநிரலைக் கேட்பது பண்ணைக்காரரின் உரிமை. மூலம் கூடவே வராவிட்டால், குறைந்தது மூன்றாண்டு செல்லுபடியாகும் எழுத்து உறுதிமொழி வர வேண்டும் என்கிறது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. செய்து தந்தவர் வெளிநாடு போய்விட்டாலும் வேறொருவரைக் கொண்டு திருத்த அந்த மூலநிரல் உதவும். வாங்கும்போதே கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

லைப்ரரியை எழுதியவருக்கும் வழி உண்டு: உங்கள் லைப்ரரியை வேறொருவர் நிபந்தனை மீறி விற்றால் முதலில் எழுத்தில் அறிவியுங்கள். வெளியிட்ட திகதிக்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு சட்டத்தரணி மூலம் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். ஆனால் வழக்குவரை போகாமல் காப்பது, சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் முன்பே உரிமக் கோப்பைத் திறந்து வாசிக்கும் பழக்கம்தான்.