ராக் மெஷின் முதல் இண்டஸ் க்ரீட் வரை

இந்தியாவின் ஹார்ட் ராக் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ராக் மெஷின். இந்தக் குழு 1984இல் பம்பாயில் பிறந்தது. பின்னர் நிலைபெற்ற அணியில் கிதாரில் மகேஷ் தினைக்கரும் ஜயேஷ் காந்தியும், பேஸ் கிதாரில் மார்க் செல்வினும், டிரம்ஸில் மார்க் மெனேசஸும், கீபோர்டில் ஜுபின் பலபோரியாவும் இருந்தார்கள். பாடகராக நிலைத்தவர் உதய் பெனகல்.

ஹார்ட் ராக் 1960களின் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவான இசை. எலக்ட்ரிக் கிதாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் அளவுக்கு மீறி ஏற்றினால் அது கரகரத்து உடையும். மற்ற இசையில் கோளாறு என்று திருத்தப்படும் அந்தக் கரகரப்புதான் இங்கே உயிர். கொங்குநாட்டுக் கோயில் நோம்பியில் ஜமாப் மேளம் அடிக்கும் இடத்துக்கு அருகே நின்றவருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒலி காதோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அதிரும்.

அன்றைய இந்திய ராக் குழுக்கள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பாடல்களையே வாசித்தன. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, மறுபடி கேட்டு ஒவ்வொரு சுரமாகப் பிடித்தார்கள். கல்லூரி விழாக்களில் கைதட்டல் வாங்க, மூலத்தில் உள்ளது அப்படியே வர வேண்டும். ராக் மெஷினும் இப்படித்தான் தொடங்கியது. ஆனால் 1988இல் ‘ராக் அண்ட் ரோல் ரெனகேட்’ என்ற ஆல்பத்தைச் சொந்தப் பாடல்களோடு வெளியிட்டது. கேட்பவருக்கு அறிமுகமில்லாத பாட்டை மேடையேற்றுவது அந்த நாளில் சாதாரணத் துணிச்சல் அல்ல. இந்தக் குழுவின் உண்மையான சாதனை அதுதான். 1990இல் ‘தி செகண்ட் கமிங்’ என்ற அடுத்த ஆல்பம் வந்தது.

அந்தத் தலைமுறையின் தாய்வீடு பம்பாயின் ரங் பவன் திறந்தவெளி அரங்கு. 1986இல் தொடங்கிய ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழாவும் அங்கேதான் வளர்ந்தது. பக்கத்தில் மருத்துவமனையும் கல்லூரியும் இருந்ததால் அந்த இடம் அமைதி மண்டலத்துக்குள் வந்தது. அதனால் 2003இல் அங்கே கச்சேரிகள் நின்றன.

1993இல் குழு தன் பெயரை இண்டஸ் க்ரீட் என்று மாற்றிக்கொண்டது. ‘இண்டஸ்’ என்றால் சிந்து நதி. அதே ஆண்டில் ‘ப்ரிட்டி சைல்ட்’ பாடலின் வீடியோவுக்கு எம்டிவி விருதுகளில் ஆசிய நேயர்களின் தேர்வு கிடைத்தது. புதுப் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் 1995இல் வெளியானது. அந்த ஆண்டு நாடெங்கும் ஒலித்ததோ அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’. இந்திப் பாப் அலையில் ஆங்கில ராக்குக்கான இடம் சுருங்கியது. 1997இல் குழு கலைந்தது. பெனகலும் காந்தியும் நியூயார்க்கில் ‘ஆம்ஸ் ஃபார் சாந்தி’ என்ற குழுவை நடத்தினார்கள்.

2010இல் பெனகல், தினைக்கர், பலபோரியா மூவரும் மீண்டும் சேர்ந்தார்கள். பேஸுக்கு ருஷாத் மிஸ்திரியும் டிரம்ஸுக்கு ஜெய் ரோ கவியும் வந்தார்கள். 2012இல் ‘இவால்வ்’ ஆல்பம் வெளியானது. அதன் ஒலிக்கலவையைச் செய்தவர் டிம் பால்மர். அமெரிக்காவின் பேர்ல் ஜாம் குழுவுடைய முதல் ஆல்பத்துக்கும் ஒலிக்கலவை அவருடையதே.