உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்டென்ஷனை நீக்கினால் மட்டும் போதாது!

பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா, அடங்கல், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கோப்பு வடிவை மாற்றி ஏற்றும் திருத்துறைப்பூண்டி விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது. கோப்பை மாற்றித் தருவதாகவும் ஆபத்தான தளங்கள் பற்றி எச்சரிப்பதாகவும் சொல்லி குரோம் பிரவுசருக்குள் நுழைந்த 100-க்கும் மேற்பட்ட இலவச எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்க்கும் நீட்டிப்புகளை)க் கூகுள் 2020-இல் நீக்கியது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அப்போது நாடு முழுவதும் எச்சரிக்கை விடுத்தது. திரையைப் படம் பிடிக்கவும், தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கவும், குக்கீயைத் திருடவும் அந்த எக்ஸ்டென்ஷன்களால் முடிந்தது.

குக்கீ திருட்டுதான் பெரிய ஆபத்து. நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு தரவுதான் குக்கீ. அது கைக்குக் கிடைத்தால் கடவுச்சொல்லே இல்லாமல் உங்கள் கணக்கைத் திறந்துவிடலாம்.

நீக்குவது எளிது: குரோமின் மேல் வலது மூலையில் மூன்று புள்ளி, அதில் 'நீட்டிப்புகள்', அங்கே நீட்டிப்புகளை நிர்வகிக்கும் பக்கம், பிறகு 'அகற்று'. மறுபடியும் முளைத்தால், கணினியில் இருக்கும் வேறொரு மென்பொருள் அதைப் போட்டுக்கொண்டிருக்கலாம். அதையும் தேடி எடுங்கள். அடுத்து, வேறொரு கணினியிலோ போனிலோ கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இதைச் செய்யாவிட்டால் திருடிய குக்கீ தொடர்ந்து வேலை செய்யக்கூடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.